ஒரு கட்டிங் குளிரைப் போக்குமா?

"கடல்காரன் ரத்தத்திலேயே குடி ஊறியிருக்கு" என்பார்கள் தூத்துக்குடியில். ஊரையே இழிவுபடுத்தும் பேச்சு இது, பொய்யும்கூட. குடிநோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், சாதியைப் பார்த்து வருவதில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளையும் இப்படித்தான் தூற்றினார்கள். 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முந்தைய ஒரு மாதத்தில் மதுவைத் தொடாதவர்கள் வெள்ளையர்களைவிட அவர்களிடையேதான் அதிகம்.

குளிரைப் பற்றியும் இங்கே ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்குக்குளி இன்றும் நடக்கிறது. குளித்து ஏறியதும் ஒரு கட்டிங் போட்டால் உடம்பு சூடேறும் என்று நம்புகிறார்கள். மது தோலுக்கடியில் ரத்தக்குழாய்களை விரித்துவிடும். உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியேறும். கதகதப்பாகத் தெரியும் அந்த நேரத்தில் உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கிறது.

என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொரு நம்பிக்கை: "மனசு வெச்சா ஒரே நாள்ல விட்டுறலாம்." பனிமய மாதா கோயில் கொடியேற்றத்தன்று சத்தியம் செய்து நிறுத்துபவரின் மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் போகலாம். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக்கொட்டும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆட்களோடு பேசுவார், பூச்சி ஊர்கிறது என்று உடம்பைத் தட்டுவார். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் போகிற நேரம் உயிருக்கே உலை. தருவைகுளத்திலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகும் படகில் இது நேர்ந்தால், கரை சேரவே ஒரு பொழுது ஆகிவிடும்.

இதற்கு வைத்தியம் உண்டு. வார்டில் வைத்து டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். ஆனாலும், நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் சிகிச்சை பெறுகிறார் என்கிறது 2019-இல் வெளியான தேசிய ஆய்வு. வெட்கம்தான் வாசலில் நிறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில்தான் நிற்கும். நிறுத்த நினைப்பவர் அப்போதே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14446 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். தினம் எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்ற மூன்றையும் கூடப் போகும் வீட்டம்மா டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.