பசுவின் வயிற்றுக்குள் ஒரு காந்தம்

பிள்ளைகளே, ரயிலிலே பேர்னிலிருந்து லுட்சேர்னுக்குப் போகும்போது யன்னலுக்கு வெளியே எத்தனை மாடுகளைக் காண்கிறோம்! சுவிஸில் சுமார் 15 இலட்சம் மாடுகள் இருக்கின்றன. (ஓர் இலட்சம் என்றால் நூறாயிரம்.) அவற்றுள் சில மாடுகளின் வயிற்றுக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. பகிடி இல்லை, உண்மைதான்.

“அது ஏன் அங்கே?” எண்டு கேட்பீங்கள். அதற்கு முதலில் மாடு எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

மாடு நீளமான நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்து, அரைகுறையாக மென்று, மடமடவென்று விழுங்கிவிடும். பிறகு ஆறுதலாகப் படுத்திருந்து, விழுங்கிய புல்லைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். இதைத்தான் அசைபோடுதல் என்கிறோம். (நடந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைப்பதையும் தமிழில் ‘அசைபோடுதல்’ என்று சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.)

மாட்டின் வயிற்றில் நாலு அறைகள். முதலாவது அறை மிகப் பெரியது. அது 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். இரண்டாவது சின்னது. அதன் உட்சுவர் தேன்கூடு மாதிரி இருக்கும். மாடு விழுங்கும் பாரமான பொருட்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன அறைக்குள்தான் போய் விழும். அதற்கு முன்னால், ஒரு மெல்லிய தசைச் சுவருக்கு அப்பால், இதயம் இருக்கிறது.

இப்போது விளங்குகிறதா? வேலியில் இருந்து விழுந்த கம்பித் துண்டோ ஆணியோ புல்லுக்குள் கிடந்தால், மாடு அதையும் சேர்த்து விழுங்கிவிடும். எங்களைப்போல வாய்க்குள் தேடித் துப்ப அதற்குத் தெரியாது. வயிறு சுருங்கி விரியும்போது ஆணி சுவரைக் குத்தும். சில நேரம் இதயம் வரைக்கும் போய்விடும்.

அதனால்தான் காந்தம். விரல் நீளமான, வழுவழுப்பான ஒரு காந்தத்தை மாட்டை விழுங்கச் செய்வார்கள். அது இரண்டாவது அறையில் தங்கி, வருகிற ஆணிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாடு உயிரோடு இருக்கும்வரை காந்தமும் அங்கேயே இருக்கும். ஒரு மாட்டுக்குள்ளே காந்தம் இருக்கா இல்லையா எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு திசைகாட்டியைப் பிடித்தால் போதும். முள் ஆடும்!

ஆனால் காந்தத்தால் பிடிக்க முடியாத ஒன்று இருக்கிறது. காரில் போகிற ஒருவர், குடித்து முடித்த ரின்னை யன்னலால் எறிகிறார். அது புல்லுக்குள் விழுகிறது. பிறகு விவசாயி மெசினோடு புல்லு வெட்ட வருகிறார். மெசின் ரின்னையும் துண்டு துண்டாக வெட்டிவிடும். ஒவ்வொரு துண்டும் பிளேட் மாதிரிக் கூர். குளிர்காலத்தில் காய்ந்த புல்லோடு சேர்ந்து அது மாட்டின் வாய்க்குப் போகிறது. ரின் அலுமினியத்தால் செய்தது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. நம்பாவிட்டால், பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து ஒரு கோலா ரின்னில் வைத்துப் பாருங்கோ.

மாடு “வயிறு நோகுது” எண்டு சொல்லாது. நல்ல விவசாயி பார்த்தே கண்டுபிடிப்பார். தீனைத் தொடாது. பால் குறையும். முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் இறங்கச் சொன்னால் மாட்டேன் என்று நிற்கும். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். சில நேரம் அவர் சத்திரசிகிச்சை செய்வார். மாடு நின்றபடியே இருக்கும்! இடப்பக்கத்தில் விறைப்பூசி போட்டு, வெட்டி, தோள்வரை கையை வயிற்றுக்குள் விட்டுத் துண்டைத் தேடி எடுப்பார். பிந்திவிட்டால் மாட்டைக் காப்பாற்ற முடியாது.

இதற்காகத்தான் சுவிஸ் விவசாயிகள் சங்கம் “குப்பை போடாதீர்கள்” என்று சொல்லும் பலகைகளை விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. அவற்றை வீதியோர வயல்களில் நட்டிருப்பார்கள். அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது தேடுங்கோ.

வீட்டிலே நாய் வளர்க்கிறீங்களா? புல்வெளியில் நாய் மலம் கழித்தால் கட்டாயம் அள்ள வேண்டும். சில நாய்களின் மலத்தில் ஓர் ஒட்டுண்ணி இருக்கும். அது புல்லோடு பசுவின் உடம்புக்குள் போனால், வயிற்றில் இருக்கும் கன்று பிறக்கும் முன்பே இறந்துபோகலாம். அள்ளிய பையை ‘ரோபிடோக்’ பெட்டிக்குள் போடாமல் வேலிக்குப் பக்கத்தில் எறிவது இன்னும் மோசம். பிளாஸ்ரிக் பையும் மாட்டின் வயிற்றுக்குப் போகும். சென்னை போன்ற நகரங்களில் வீதியில் திரியும் மாடுகளின் வயிற்றிலிருந்து மிருக வைத்தியர்கள் கிலோக் கணக்கில் பிளாஸ்ரிக் எடுத்திருக்கிறார்கள்.

பயிற்சி

1. காந்தம் மாட்டு வயிற்றின் எத்தனையாவது அறையில் தங்கும்?
2. மாட்டுக்கு வயிறு நோகிறது என்று எப்படித் தெரியும்? இரண்டு அடையாளங்கள் எழுதுக.
3. ‘அசைபோடு’ என்ற சொல்லை இரண்டு கருத்திலும் வைத்து வசனம் எழுதுக.
4. அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள்: ஊரில் மாடு வளர்த்தார்களா? அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? வருத்தம் வந்தால் என்ன செய்தார்கள்? அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டு வாருங்கள்.