தொடமுடியாப் பொருளும் அதன் நிழற்படமும்

(பாடக் கட்டுரை)

துணி வாங்குகிறவர் அதனை விரலால் தடவிப் பார்க்கிறார்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தானியம் வாங்குகிறவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். இவ்வாறு கண்ணும் கையும் சான்று கூறிய பின்னரே விலை பேசப்படுகின்றது. ஆனால், கையால் தொடவே இயலாத பொருள்கள் விற்கப்படும் சந்தையும் இன்று உள்ளது. அங்கே வாங்குவோர்க்குப் பெரும்பாலும் கிடைக்கும் சான்று, விற்பவர் எடுத்து வைத்த படமே. அப்படத்தை எடுக்கும் முறை யாது, அதில் இருக்க வேண்டியவை எவை, இருக்கலாகாதவை எவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. மெய்நிகர் உலகமும் அதன் சந்தையும்

கணினித் திரையினுள் நிலம், கடல், வானம், வீடு, வீதி ஆகியவற்றை அமைத்து, அவற்றினிடையே பலரும் ஒரே நேரத்தில் உலவுமாறு செய்யப்பட்ட இடமே மெய்நிகர் உலகம் எனப்படும். அங்கே ஒவ்வொருவரும் ‘அவதார்’ எனப்படும் ஓர் உருவத்தின் வழியாக நடமாடுவர். இத்தகைய உலகங்களுள் நெடுநாள் நிலைத்து நிற்பது ‘செகண்ட் லைஃப்’. பிலிப் ரோஸ்டேல் என்பவர் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் 1999இல் தொடங்கிய லிண்டன் லேப் என்னும் நிறுவனம், 2003ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இதனைப் பொதுமக்களுக்குத் திறந்தது.

இவ்வுலகில் காணப்படும் ஆடை, கூந்தல், நாற்காலி, வீடு, மரம் ஆகியவற்றுள் மிகப் பெரும்பாலானவை நிறுவனம் செய்தவை அல்ல; அங்கு உலவும் மக்களே செய்தவை. தாம் படைத்த பொருளின் உரிமை படைத்தவர்க்கே உரியது என 2003ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவனம் அறிவித்தது. அதன் பின்னர் வாணிகம் செழித்தது. அங்கு வழங்கும் நாணயத்தின் பெயர் லிண்டன் டாலர். ஏறத்தாழ 250 லிண்டன் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்கு ஈடாகும். எனவே இது விளையாட்டுக் காசு அன்று. உழைத்து ஈட்டிய பணத்தைக் கொடுத்தே பெறுவது.

பொருள்களை விற்க இரு வழிகள் உண்டு. ஒன்று, மெய்நிகர் உலகினுள்ளேயே கடை அமைத்துச் சுவரில் விற்பனைப் பலகைகளை மாட்டுதல். மற்றொன்று, 2010ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ‘மார்க்கெட்பிளேஸ்’ என்னும் இணையச் சந்தையில் பட்டியலிடுதல். இரண்டிலும் வாங்குபவர் முதலில் காண்பது படத்தையே.

2. படம் ஏன் தராசு ஆகின்றது?

விற்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் மூன்று அனுமதிகள் குறிக்கப்படும். படியெடுக்கலாமா, மாற்றியமைக்கலாமா, பிறருக்கு வழங்கலாமா என்பனவே அவை. ‘பிறருக்கு வழங்கலாகாது’ என்று குறிக்கப்பட்ட பொருளை வாங்கியவர், அதனை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கவும் இயலாது. அப்பொருள் அவருடைய பேழையிலேயே தங்கிவிடும். விற்றவர் மனமுவந்து பணத்தைத் திருப்பித் தந்தாலன்றி இழப்பு இழப்பே. ஆகையால் வாங்குமுன் காணும் படமே அங்கே படியும் எடைக்கல்லும் ஆகின்றது. கல் குறைந்தால் எடை பொய்யாகும்; படம் மிகுந்தால் பொருள் பொய்யாகும்.

நாம் ஒருமுறை அங்கே ஒரு மரப்பலகை இருக்கையை 299 லிண்டன் டாலர் கொடுத்து வாங்கினோம். படத்தில் அதன் கால்களில் செதுக்கிய கொடிவேலை அழகுறத் தெரிந்தது. கொண்டுவந்து வைத்தபோது அருகில் நிற்கும்வரை கொடிவேலை இருந்தது. ஒரு சில அடி பின்வாங்கியதும் கால்கள் முறிந்த முக்கோணத் துண்டுகளாகத் தோன்றின. போன பணம் ஒரு டாலருக்குச் சற்று மிகுதி; பெரிதன்று. ஆயினும் அக்கடைக்கு நாம் மீண்டும் செல்லவில்லை. அவ்வாறு நேர்ந்தது ஏன் என்பதை நான்காம் பகுதியில் விளக்குவோம்.

3. படம் எடுக்கும் முறை

இடம்: முதலில் கண்ணுக்கு இடையூறில்லாத இடம் வேண்டும். செகண்ட் லைஃப் உலகில் தரையிலிருந்து 4096 மீட்டர் உயரம்வரை பொருள்களை அமைக்கலாம். ஆகவே பலர் தம் நிலத்திற்கு நேர்மேலே வானில் ஒரு தளம் அமைத்து, அதில் வெண்மையோ இளஞ்சாம்பலோ ஆன பின்திரையை நிறுத்திப் படமெடுப்பர். பின்திரை தரையோடு சேருமிடம் மடிப்பின்றி வளைந்திருந்தால் பொருளின் பின்னே கோடு தெரியாது. கறுப்புப் பொருளுக்குக் கறுப்புத் திரையும், வெள்ளைப் பொருளுக்கு வெள்ளைத் திரையும் ஆகா, ஓரங்கள் மறைந்துவிடும்.

ஒளி: மெய்நிகர் உலகில் சூரியனையும் வானத்தையும் ஒருவர் தம் திரைக்கு மட்டும் மாற்றிக்கொள்ள இயலும். அந்திவேளை ஒளி அழகுடையது. ஆயினும் அது வெண்மையைச் செம்மையாக்கும், நீலத்தை மங்கச் செய்யும். எனவே நிறத்தைக் காட்டும் படத்திற்கு நண்பகல் ஒளியோ நிறங்கலவா வெண்ணொளியோ ஏற்றது. நிழற்படக் கூடங்களில் வழங்கும் மூவிளக்கு முறையை இங்கும் பின்பற்றலாம். ஒரு பக்கத்தில் முதன்மை விளக்கு. எதிர்ப்பக்கத்தில் நிழலைத் தணிக்கும் மெல்லிய விளக்கு. பின்புறம் ஓரத்தைப் பிரித்துக் காட்டும் விளக்கு. உள்ளிருந்து ஒளிவீசும் பொருள்களை மூன்று விளக்கையும் கொளுத்தி ஒருமுறையும், அணைத்து ஒருமுறையும் எடுத்தல் நன்று.

காமிரா: ஆல்ட் விசையை அழுத்திச் சுட்டியை நகர்த்தினால் காமிரா பொருளைச் சுற்றிவரும். மிக அருகில் சென்று அகன்ற பார்வையில் எடுத்தால், முன்னிருக்கும் பகுதி பருத்தும் பின்னிருக்கும் பகுதி சிறுத்தும் தோன்றும். சிறு மேசையும் பெரிய மேசைபோல் காட்சி தரும். இதனைத் தவிர்க்கக் கண்ட்ரோல் விசையுடன் சுழியம் விசையை அழுத்திப் பார்வைக் கோணத்தைக் குறுக்கி, காமிராவைத் தொலைவிற்குக் கொண்டுசென்று எடுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் கோடுகள் நேராக நிற்கும். கண்ட்ரோல் விசையுடன் 9ஐ அழுத்தினால் பார்வை பழைய நிலைக்குத் திரும்பும்.

நிலை: ஆடைக்குப் படமெடுக்கும்போது அவதார் அசைந்துகொண்டே இருக்கும். அசையாமல் நிறுத்துவதற்கு ‘போஸ் ஸ்டாண்ட்’ என்னும் சிறு மேடைகள் உண்டு. கைகள் உடலை மறைக்காத நிலையில் முன்புறம், பின்புறம், பக்கம் என மூன்று படங்கள் எடுத்தல் வேண்டும்.

சேமித்தல்: பெயர்ப்பட்டிகளையும் திரைப் பொத்தான்களையும் மறைத்துவிட்டு, ‘ஸ்னாப்ஷாட்’ கருவியின் வழியே பி.என்.ஜி. வடிவில் கணினியில் சேமித்தால் தரம் குறையாது. கடைப் பலகைக்கு ஏற்றும்போது, படத்தின் நீள அகலங்கள் 256, 512, 1024 போன்ற அளவுகளுள் அமையுமாறு மாற்றப்படும். ஆகையால் பலகையின் வடிவத்தையும் படத்தின் வடிவத்தையும் முன்கூட்டியே பொருத்திப் பார்த்தல் வேண்டும். இன்றேல் வட்டத்தட்டு நீள்வட்டமாகத் தோன்றும்.

4. படம் பொய்யாகும் இடங்கள்

விற்பவர் வேண்டுமென்றே ஏமாற்றாதபோதும் படம் பொய்யாவது உண்டு. அவ்வாறு ஆகும் இடங்களை அறிந்துகொள்ளல் இப்பாடத்தின் முதன்மையான நோக்கமாகும்.

முதலாவது, தொலைவு. 2011ஆம் ஆண்டு முதல் இவ்வுலகில் ‘மெஷ்’ என்னும் வலைவடிவப் பொருள்கள் வழங்குகின்றன. ஒவ்வொரு மெஷ் பொருளுக்கும் மிக நுண்ணியது முதல் மிக எளியது வரை நான்கு வடிவங்கள் உண்டு. காமிரா அருகிலிருந்தால் நுண்ணிய வடிவம் தெரியும். விலக விலக எளிய வடிவங்கள் தெரியும். கணினியின் சுமையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. மேலும், ‘லேண்ட் இம்பாக்ட்’ எனப்படும் நிலச்சுமை எண் ஒவ்வொரு பொருளுக்கும் உண்டு. பொதுநிலப் பகுதியில் 1024 சதுர மீட்டர் மனையொன்று 351 சுமையே தாங்கும். எனவே சுமை குறைந்த பொருளை மக்கள் விரும்புவர். அதற்காகச் சிலர் எளிய வடிவங்களை அளவுக்கு மீறிச் சிதைத்துவிடுகின்றனர். தம் கணினியிலோ நுண்மை எண்ணை உயர்த்தி வைத்திருப்பதால், தொலைவிலும் அவர்க்குப் பொருள் முழுமையாகவே தெரியும். படமும் அவ்வாறே அமையும். இயல்பான எண்ணை வைத்திருக்கும் வாங்குபவர்க்கோ அது முறிந்து தோன்றும். நாம் வாங்கிய இருக்கைக்கு நேர்ந்ததும் இதுவே. ஆகவே படமெடுக்குமுன் நுண்மை எண்ணை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, அறையின் மறுகோடியிலிருந்தும் ஒரு படம் எடுத்தல் கடமையாகும்.

இரண்டாவது, நிழலும் பளபளப்பும். ஆற்றல் மிக்க கணினியில் நிழலும் பிரதிபலிப்பும் சேர்ந்து பொருளுக்கு உயிரூட்டும். எளிய கணினி உடையவர் அவற்றை அணைத்தே வைத்திருப்பர். இரு நிலையிலும் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் வாங்குபவர் தம் கணினிக்கு ஏற்ப முடிவு செய்வர்.

மூன்றாவது, அளவு. அங்குள்ள அவதார்களுள் பல, இயல்பான மனித உயரத்தினும் மிக்கவை. இரண்டு மீட்டரைக் கடந்தவையும் மிகுதி. நாற்காலிகளும் கதவுகளும் அதற்கேற்பப் பெரிதாக்கப்படுகின்றன. எனவே படத்தில் ஓர் அவதாரை உடன் நிறுத்துவதோடு, நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை மீட்டரில் எழுதுவதும் வேண்டும்.

நான்காவது, பொருத்தம். இன்றைய ஆடைகள் குறிப்பிட்ட மெஷ் உடல்களுக்கென்றே தைக்கப்படுகின்றன. மைத்ரேயாவின் ‘லாரா’ உடலுக்குச் செய்த ஆடை வேறோர் உடலில் பொருந்தாது. எந்தெந்த உடலுக்கு உரியது என்பதைப் படத்திலேயே பொறித்தல் வேண்டும்.

ஐந்தாவது, உடன் காட்டும் பொருள்கள். மேசையின்மேல் கிண்ணமும் பூச்சாடியும் வைத்து எடுத்தால் படம் அழகுபெறும். ஆனால் அவையும் உடன் வரும் என்று வாங்குபவர் எண்ணுவர். ஆறு நிறங்களைக் காட்டி ஒரு நிறத்தை மட்டும் விற்பதும் இத்தகையதே. ‘படத்திலுள்ள கிண்ணம் சேராது’, ‘இவ்விலை ஒரு நிறத்திற்கு மட்டும்’ என ஒரு வரி எழுதினால் குறை நீங்கும்.

ஆறாவது, திருத்தம். எடுத்த படத்தைக் கணினியில் வெட்டிச் சீராக்குவதும் பெயரும் விலையும் எழுதுவதும் குற்றமல்ல. கூந்தலில் இல்லாத இழைகளைத் தூரிகையால் வரைவதும், ஆடையில் இல்லாத மடிப்புகளைச் சேர்ப்பதும், கூரிய ஓரங்களை மழுக்கி மறைப்பதும் வேறு வகை. எல்லை எளிது. பின்திரையைத் திருத்தலாம், பொருளைத் திருத்தலாகாது.

5. படத்திற்கு அப்பால்

அசையாப் படத்தால் அசைவைக் காட்ட இயலாது. நடக்கும்போது பாவாடை காலை ஊடுருவுமா, அமரும்போது இருக்கை உடலைத் தாங்குமா என்பன அதில் தெரியா. இதனாலேயே பல வணிகர்கள் ‘டெமோ’ எனப்படும் மாதிரியை விலையின்றியோ ஒரு லிண்டன் டாலருக்கோ தருகின்றனர். அணிந்து பார்த்த பின் வாங்குவது வாங்குபவர் கடமை. மாதிரி தருவது விற்பவர் கடமை. கடையில் ஒரு பிடி தானியத்தைக் கையில் அள்ளித் தருவதற்கு இது நிகர்.

மிகைப்படுத்திய படம் முதல் விற்பனையைப் பெற்றுத்தரும். இரண்டாம் விற்பனையைக் கெடுக்கும். மார்க்கெட்பிளேஸில் வாங்கியவர் எழுதும் கருத்துரை படத்தின் கீழேயே நிற்கும். உண்மையான படமோ, சிலரை வாங்காமல் திருப்பி அனுப்பினும், வாங்கியவரை மனநிறைவோடு அனுப்பும். பொருள் தொடமுடியாததாயினும், கொடுத்த பணமும் வைத்த நம்பிக்கையும் மெய்யானவை என்பதை மறத்தலாகாது.

நினைவிற் கொள்க

• நிறத்திற்கு வெண்ணொளி. வடிவத்திற்குக் குறுகிய பார்வைக் கோணம்.
• முன், பின், பக்கம், தொலைவு என நான்கு படங்களேனும் தேவை.
• அளவு, நிலச்சுமை, மூன்று அனுமதிகள் ஆகியவை எழுத்தில் இருத்தல் வேண்டும்.
• பின்திரையைத் திருத்தலாம், பொருளைத் திருத்தலாகாது.

பயிற்சி வினாக்கள்

1. மெய்நிகர் சந்தையில் படம் தராசாக அமைவது எவ்வாறு?
2. அகன்ற பார்வைக் கோணத்தால் விளையும் குறை யாது? அதனை நீக்கும் வழி யாது?
3. விற்பவர் கணினியில் முழுமையாகத் தெரியும் பொருள் வாங்குபவர் கணினியில் முறிந்து தோன்றுவதன் காரணத்தை விளக்குக.
4. உம் வீட்டிலுள்ள ஒரு சொம்பை விற்பதாகக் கொண்டு நான்கு படங்கள் எடுக்க. அதிலுள்ள நசுங்கலை எந்தப் படத்தில் காட்டுவீர்? ஏன்?