பெயிண்டர் கடைசியில் வரட்டும்

பழைய பிளசர் ஒன்று கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம், பெயிண்டரிடம் ரேட் கேட்பது. டிங்கரிங், பட்டி, டுகோ, குரோம் முலாம் என்று பணம் கரைந்து, வண்டி மாப்பிள்ளை மாதிரி மின்னும். பிரேக் மட்டும் பிடிக்காது. ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்றும் தெரியாது. வேலையைத் தொடங்க வேண்டியது காகிதத்தில். அப்புறம் சேஸிஸ், இன்ஜின், பிரேக், ஒயரிங். அதெல்லாம் முடிந்த பிறகே பெயிண்ட்.

புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்துக் கொட்டகையிலோ, மூடிக்கிடக்கும் மில் ஷெட்டிலோ தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிற வண்டி ரோல்ஸ் ராய்ஸாக இருக்க வாய்ப்பில்லை. செவர்லே, பிளிமத், டாட்ஜ், ஆஸ்டின், மோரிஸ், அல்லது சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். அதில் குறைவொன்றும் இல்லை. பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் பூட்டி விற்ற டாட்ஜ் கிங்ஸ்வேயை எம்.ஜி.ஆரே வைத்திருந்தார். அந்த வண்டி இன்று வடபழனியில், 2023இல் திறந்த ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியத்தில் நிற்கிறது.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் அங்கேயோ, கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்கோ ஒரு நடை போய் வருவது நல்லது. பளபளப்பை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால் போன காசு வீண். கதவு ஓரத்து ரப்பர் எப்படி உட்கார்ந்திருக்கிறது, திருகுகளின் தலை எந்த வகை, சீட்டுத் தையல் எத்தனை வரி, பானெட்டுக்குள் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதைக் கவனித்து, அனுமதி இருந்தால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பட்டறையில் வாக்குவாதம் வந்தால் பேசப்போவது அந்தப் படங்கள்தான்.

காகிதம்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சொந்தப் பயன்பாட்டு கார்களும் இருசக்கர வண்டிகளும் இதில் சேரும். சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவாவுக்கு 30 ஆண்டே போதும். நம் சட்டம் இன்னும் கறார். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பதிவே இல்லாத வண்டிக்கு 'விஏ' வரிசையில் புது எண் கிடைக்கும். படிவம் 20, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியானால் சுங்கத்துறை ரசீது ஆகியவை கேட்பார்கள்.

இந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டு வண்டிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பெட்ரோல் செலவு தாங்காமல் பெரிய அமெரிக்க கார்களின் வயிற்றில் டீசல் இன்ஜினைப் பொருத்தி ஓட்டியது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். அப்படிப்பட்ட வண்டி வாங்குவதாக இருந்தால், கழற்றிப்போட்ட பழைய இன்ஜின் எங்காவது கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டு விலை பேச வேண்டும்.

எண்களை நேரில் ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கிங்ஸ்வே, பிளிமத் வகையறாவில் இன்ஜின் எண், பிளாக்கின் இடப்பக்கம் முன்னால், டைனமோவுக்கு மேலே வெட்டியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கரியைத் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சேஸிஸ் பிரிண்ட் எடுக்கிற அதே முறை. ஒரு எழுத்து ஆர்.சி.யோடு ஒத்துவராவிட்டாலும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

இரும்பும் துருவும்

வாங்கப் போகும்போது ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போகலாம். கதவின் அடி விளிம்பு, மட்கார்டு, டிக்கி ஓரம் என்று தடவிக்கொண்டே போனால், பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. அடுத்து தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் சேஸிஸில் மாட்டும் இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே உதிர்ந்துவிட்டது.

கழற்றும் வேலை தொடங்கியதும் ஒவ்வொரு நட்டையும் அதற்குரிய பையில் போட்டு எழுதி வைப்பது சலிப்பான வேலைதான். அதைச் செய்யாத வண்டிகள் ஆண்டுக்கணக்கில் சாக்கு மூட்டையாகவே கிடக்கின்றன.

சின்ன இரும்புச் சாமான்களின் துருவை எடுக்க சிட்ரிக் அமிலக் கரைசலை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். எலுமிச்சை மண்டிக்குப் பேர்போன புளியங்குடியில் இதற்கு ஆன்லைனில் பவுடர் வரவழைப்பது கொஞ்சம் வேடிக்கைதான். அடிபட்டு ஒதுக்கிய பழங்களின் சாறே போல்ட், கிளாம்ப் போன்றவற்றுக்குப் போதும். ஓரிரவு ஊறவைத்து, பிரஷ் போட்டு, நன்றாகக் கழுவி, ஈரம் காய்ந்தவுடன் எண்ணெய் தடவிவிட வேண்டும். தாமதித்தால் சாயங்காலமே மறுபடி துரு பூக்கும். அலுமினியம், துத்தநாக வார்ப்புச் சாமான்களைச் சாற்றுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இன்ஜின்

பல வருடம் நின்ற இன்ஜினை பேட்டரி வைத்து செல்ஃப் அடிப்பது பெரிய தப்பு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால்தான் சுற்றிப் பார்க்க வேண்டும். அசையாவிட்டால் பலம் காட்டாமல் மறுபடி ஊறவிட வேண்டும்.

கிங்ஸ்வேயின் ஆறு சிலிண்டர் இன்ஜினில் வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும். மேலே இருக்கிற ஹெட் ஒரு தட்டையான மூடி போலத்தான். நல்ல மெக்கானிக்குக் கார்பன் எடுப்பது சிரமமே இல்லை. ஆனால் பலர் தவறவிடுகிற ஒன்று பிளாக்குக்குள் ஒளிந்திருக்கிறது. வாட்டர் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் நீளத்துக்கு ஒரு தகட்டுக் குழாய் ஓடுகிறது. எல்லா வால்வுகளுக்கும் தண்ணீரைப் பங்கிடுவது அதுதான். அது துருப்பிடித்து அடைத்துவிட்டால் ரேடியேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் பின் சிலிண்டர்கள் கொதிக்கும். ரேடியேட்டரையும் பம்பையும் இறக்கி, குழாயை முன்பக்கமாக மெதுவாக உருவி எடுத்து மாற்ற வேண்டும். இந்த வேலையைக் கேட்டதும் "எதுக்கு சார் அதெல்லாம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாமல் இருப்பது உத்தமம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000த்தோடு போயிற்று. வால்வு உட்காரும் இடத்தை இரும்பு ஹெட்டிலேயே கடைந்த பிரிட்டிஷ் இன்ஜின்களுக்கு, ஹெட்டை இறக்குகிற நேரத்திலேயே லேத் பட்டறையில் கெட்டியான சீட் போட்டுக்கொள்வது நல்லது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பராகப் பார்த்து மாற்ற வேண்டும். நிறுத்தி வைக்கும் மாதங்களில் கார்புரேட்டரை வடித்துவிட வேண்டும்.

பிரேக்கில் பேரமே கிடையாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், குழாய்கள் அனைத்தும் புதிதாகட்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் டிரம்முக்குள் காற்றடிக்காமல் ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். சாமான் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

ஒயரிங்கில் ஒரே எச்சரிக்கை. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் சேரும். 1955 வரை வந்த பிளிமத் 6 வோல்ட்டும்கூட. பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடாமல், பேட்டரிப் பெட்டியிலேயே பெயிண்டில் எழுதி வைக்கலாம்.

இனி பெயிண்டர் வரலாம். வந்தாலும், பழைய பெயிண்ட் முக்கால்வாசி உயிரோடு இருந்தால் அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிடுவதே மேல். அமெரிக்காவின் பெபிள் பீச் போட்டியில் கைபடாத வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், ஒரிஜினல் போனால் போனதுதான்.

வண்டி தயாரான பிறகும் விதி கூடவே வரும். பழம்பெரும் வாகனமாகப் பதிவானதைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். தினமும் மண்டிக்கு ஓட்டிப் போகவோ, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடவோ முடியாது. மற்ற நாட்களில் பிளாஸ்டிக் தார்ப்பாய் போடாமல் பருத்தித் துணியால் மூடி, எலி ஒயரைக் கடிக்காதபடி பார்த்துக்கொண்டு, அவ்வப்போது இன்ஜின் முழுதாகச் சூடேறும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். கைமாற்ற நேர்ந்தால் விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.