உழவு இயந்திரப் பெட்டிக்கு அடிப்பலகை தெரிதல்



மாசி மாதத்தில் நெல் மூடைகளோடு வரம்புப் பாதையில் வரும் பெட்டியின் அடிப்பலகை முறியுமாயின், நட்டம் நெல்லோடு நிற்பதில்லை. மூடைகளின் மேல் ஆட்களை ஏற்றுதல் தவறென்று அறிந்தும் பலர் ஏற்றுகின்றனர். உளுத்த பலகை அவர்களுடைய காலையும் வாங்கிவிடும். நல்ல பலகை பாரத்தினால் மட்டும் முறிவது அரிது. முதலில் ஈரம் அதனை உளுக்கச் செய்கின்றது, பின்னர் பாரம் முறிக்கின்றது. ஆதலின் பலகை வாங்கும்போது அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதோடு, எத்தனை மாரி தாங்கும் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

எதனை ஏற்றப் போகின்றீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஒரு கியூப் மணல், அதாவது 100 கன அடி, 4 தொன்னுக்கு மேற்படும். அதே கொள்ளளவு நெல் 2 தொன்னிலும் குறைவே. நெல்லை விளிம்புவரை நிரப்பிப் பழகியவர் மணலையும் அவ்வாறே நிரப்பினால் பலகை மட்டுமன்றி அச்சும் வருந்தும்.

எமது வன்னிக் காட்டு மரங்களுள் முதிரை இவ்வேலைக்கு மிகச் சிறந்தது. பேராதனையில் மகாவலி கங்கையின் குறுக்கே 1833 ஆம் ஆண்டு முதிரை மரத்தினால் அமைத்த ஒற்றை வளைவுப் பாலம் 1905 ஆம் ஆண்டுவரை நிலைத்திருந்தது என்பது இம்மரத்தின் உறுதிக்குப் போதிய சான்று. ஆனால் இன்று முதிரை அருகிவிட்டது, விலையும் அதிகம். பாலை அதனிலும் பாரமானது, நீரில் தாழும். வாளுக்கும் துளைக்கருவிக்கும் எளிதில் இணங்காது, எனினும் பல்லாண்டு உழைக்கும். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சாவண்டலை, அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து நிமிரும் இயல்புடையது. முற்காலத்தில் வண்டிகளுக்கு இதனை விரும்பி எடுத்தமைக்கு அதுவே காரணம். கிடைக்குமாயின் மேடுபள்ளமான பாதையிற் செல்லும் பெட்டிக்கு இதனையே யாம் முதலிற் கூறுவோம். தேக்கும் நன்றே.

மா, றப்பர், அல்பீசியா ஆகியவற்றை விலை மலிவென்று வாங்காதீர்கள். வெயில் மழையில் இவை விரைவில் உளுக்கும்; பூச்சியும் துளைக்கும்.

வடபகுதியில் வைரம் பாய்ந்த பனஞ் சலாகையும் உதவும். அதன் வெளிப்புறத்திலுள்ள கரிய வைரமே உறுதியானது. உள்ளிருக்கும் மென்மையான சோற்றியைச் சீவி நீக்கிவிட வேண்டும். 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறித்தல் ஆகாது. எம்மரமாயினும் பற்றுச்சீட்டுடன் வாங்கி, கொண்டு செல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமாவென விசாரித்துக் கொள்ளுங்கள்.

மரத்தின் பெயரை மட்டும் நம்பி ஏமாறுவோர் பலர். முதிரையாயினும் தேக்காயினும் நீண்டகாலம் நிற்பது வைரமே. பட்டையை அடுத்த வெளிறிய பாகம் எம்மரத்திலும் விரைவில் உளுக்கும். ஒரு கரையில் வெளிறு ஓடிய பலகையைத் தச்சர் “பரவாயில்லை” என்று கூறினும் ஏற்காதீர்கள்.

தடிப்பைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்துவதும் பிழை. ஒன்றரை அங்குலப் பலகை, அதே அகலமும் மரமுமான ஓரங்குலப் பலகையைப் போல் இரண்டேகால் மடங்கு வலிமையுடையது. விலை அவ்வளவு மடங்கு ஏறுவதில்லை.

இரும்புத் தகடு பதித்தால் என்ன எனச் சிலர் கேட்பர். மணல், கல் ஏற்றுவோருக்கு அது பொருந்தும். பசளை ஏற்றுவோர் கவனமாயிருத்தல் வேண்டும். சிந்திய பொட்டாசுப் பசளை ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரிக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் அதற்குத் துணை செய்யும். பழைய பலகையின் மேல் தகட்டை அறைந்து மூடுவதே மிகக் கெட்ட வழி. இடையில் ஈரம் தங்கி, மேலே நன்றாய்த் தோன்றும் தளம் கீழே உளுத்துக்கொண்டிருக்கும். சாதாரண ஒட்டுப்பலகை விளிம்பில் நீர் குடித்து ஊதிப் பிரியும்.

மருந்தூட்டிய பலகை வாங்குவதாயின் எம்மருந்து என்று கேளுங்கள். போரன் உப்பு மழையில் கரைந்து போகும். ஆசனிக்கு சேர்ந்த மருந்தோ கிரியோசோற்றோ ஊட்டிய மரத்தின் மேல் உண்ணும் நெல்லைக் கொட்டுதல் தகாது. பழைய புகையிரதச் சிலிப்பர்க் கட்டைகளைக் கிழித்துப் போடுவோர் இதனை நினைவிற் கொள்க. அவற்றின் துண்டுகளை அடுப்பிலும் எரிக்க வேண்டாம்.

பலகைகளைப் பெட்டியின் நீளவாட்டில் இடுங்கள். சவள் தடையின்றி ஓடும். காய்ந்த பலகைகளுக்கிடையே ஓர் ஆணித் தடிப்பு இடைவெளி விடுங்கள். மாரியில் பலகை ஊதும்போது நெருக்குண்டு மேலெழாது, நீரும் வடியும். நெல் சிந்துமே என்று அஞ்ச வேண்டாம். படங்கு ஒன்றை விரித்து ஏற்றலாம். ஆணி குலுக்கத்திற் கழன்றுவிடும் ஆதலால், நாகமுலாம் பூசிய போல்ட்டுகளால் இறுக்குங்கள். போல்ட்டின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். துளையின் உட்புறத்திலும் அறுத்த முனைகளிலும் ஆளிவிதை எண்ணெய் ஊட்டுங்கள். நீர் முதலிற் புகுவது அங்கேதான்.

போடப்பட்ட தளத்தை ஒவ்வொரு போகமும் கீழிருந்து பாருங்கள். குறுக்குச் சட்டத்தின் மேல் பலகை படியும் இடங்களிலும் பின்கதவை அடுத்த முனைகளிலும் திருப்புளியால் குத்துங்கள்; முனை எளிதாக இறங்கினால் அப்பலகையை மாற்றுங்கள். இவ்வேலையைச் சிறுபோக அறுவடை முடிந்து ஐப்பசி மழைக்கு முன் செய்விப்பது வசதி. அப்பொழுது பலகையும் காய்ந்திருக்கும், பெட்டிக்கும் வேலை குறைவு.