கிரவுன் ஒட்டப் பழகும் இளம் டாக்டர்களுக்கு

சுபாங் ஜெயாவில் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம். சிமெண்ட் கம்பெனித் தாளில் போட்டிருக்கும் வேலை நேரமோ பெரும்பாலும் 23 டிகிரி அறைக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1. முதலில் சிமெண்ட் இல்லாமல் மாட்டிப் பாருங்கள். விளிம்பை புரோப் நுனியால் தடவுங்கள், இடுக்கில் ஃப்ளாஸ் விடுங்கள், கடிக்கச் சொல்லுங்கள். ஜிங்க் ஃபாஸ்ஃபேட், கிளாஸ் அயனோமர் இரண்டுக்கும் தர விதிப்படி படலத் தடிமன் 25 மைக்ரோமீட்டரைத் தாண்டக்கூடாது. பொருந்தாத கிரவுனை அந்த மெல்லிய படலம் காப்பாற்றாது.

2. ஜிங்க் ஃபாஸ்ஃபேட் கலக்கும்போது சூடு கிளம்பும். அதனால் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அகலமாகப் பரப்பிக் கலக்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பலகையில் நம் ஊரில் உடனே பனி பூக்கும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். அந்த நீர் கலவையை அவசரமாக இறுக்கிவிடும். பூப்பது நின்ற பிறகே பொடியைத் தொடுங்கள்.

3. லண்டனில் வில்சனும் கென்டும் 1970களின் தொடக்கத்தில் தந்த கிளாஸ் அயனோமர், பல்லின் கால்சியத்தோடு தானே பிணையும். அதற்காகப் பல்லைக் காற்றடித்து வறட்டிவிடாதீர்கள், பிறகு கூச்சம் வரும். இறுகும் வரை எச்சில் மட்டும் படக்கூடாது.

4. ரெசின் சிமெண்ட் என்றால் தற்காலிக சிமெண்டில் யூஜினால் இருந்ததா என்று கேளுங்கள். மிச்சம் இருந்தால் ரெசின் சரியாக இறுகாது. எச்சில் பட்ட சர்கோனியாவை ஃபாஸ்ஃபோரிக் ஆசிட் போட்டுக் கழுவாதீர்கள். ஃபாஸ்ஃபேட் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு பிரைமருக்கு இடம் விடாது. மணல் வீச்சு கொடுத்து, பிறகு எம்டிபி பிரைமர் தடவுங்கள்.

5. பிதுங்கிய சிமெண்டை ரப்பர் பதத்தில் எடுங்கள். முடிச்சிட்ட ஃப்ளாஸை இடுக்கில் இழுங்கள். இம்பிளாண்டில் இரட்டைக் கவனம் வேண்டும். ஈறுக்குள் தங்கிய துணுக்கு சில ஆண்டுகள் கழித்துக்கூட வீக்கம், சீழ், எலும்புத் தேய்வு கொண்டுவரும். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

6. போட்ட சிமெண்டின் பெயரை கார்டில் எழுதுங்கள். கழன்ற கிரவுனைக் கையில் ஏந்தி ஒரு பாட்டி வந்தால், கழுவுமுன் உள்ளே பாருங்கள். சிமெண்ட் கிரவுனிலேயே இருந்தால் பிடிப்பு பல் பக்கம் விட்டிருக்கிறது. பல்லில் இருந்தால் கிரவுன் பக்கம். அடுத்து எதைத் திருத்துவது என்பதை அங்கிருந்து தொடங்குங்கள்.