1955-ம் வருஷத்துச் சட்டசபையில் யார், எத்தனை பேர்?

சுதந்திரத்துக்கு முந்திய மலாயாச் சட்டசபையில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால், நம் வாலிபர்களில் பலர் துங்கு அப்துல் ரஹ்மான் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சபையின் கணக்கைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

1948-ல் அமைந்த சபையில் ஹைகமிஷனர் நீங்கலாக 75 அங்கத்தினர்கள். அவர்களில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் ஒருவருமில்லை. உத்தியோகஸ்தர் அல்லாதாருக்கு ஒதுக்கிய 50 ஸ்தானங்களில் இந்தியருக்கு 5 கிடைத்தது. எல்லாம் நியமனம்தான்.

1955 ஜூலை 27-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. 52 ஸ்தானங்களுக்கு 129 அபேட்சகர்கள் நின்றார்கள். கூட்டணிக் கட்சி 51-ஐ ஜெயித்தது. அம்னோ 34, சீனர் சங்கம் 15, இந்தியர் காங்கிரஸ் 2. மிஞ்சிய ஒன்று, கிரியான் தொகுதி, பாஸ் கட்சிக்குப் போயிற்று. 1946-ல் அம்னோவை ஸ்தாபித்த டத்தோ ஓன் பின்னர் நெகாரா கட்சி கண்டு, தம் சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே தோற்றார். அரசியலும் வியாபாரம் போலத்தான். பழைய வாடிக்கையை நம்பி உட்கார முடியாது.

52-ல் 51 என்றால் சபை முழுவதும் கையில் வந்ததாகத் தோன்றும். அப்படியல்ல. சபாநாயகர் நீங்கலாக மொத்தம் 98 பேர். மந்திரி பெசார்கள் 9, பினாங்கு மலாக்காவுக்கு 2, பதவி வழியாக 3, வர்த்தகம், தோட்டம், சுரங்கம், தொழிற்சங்கம் முதலியவற்றுக்கு 22, சிறுபான்மையினருக்கு 3, மற்ற நியமனம் 7. ஆக 46 பேர் ஓட்டில்லாமல் வந்தவர்கள். 98-ல் பாதி 49. கூட்டணிக்கு அதைவிட இரண்டே அதிகம். இதை முன்கூட்டியே உணர்ந்துதான் துங்கு 1954-ல் பகிஷ்காரம் வரை போனார். அந்த 7-ல் 5 பேரைப் பெரும்பான்மைக் கட்சித் தலைவரைக் கலந்தே நியமிப்பது என்று ஹைகமிஷனர் இணங்கினார்.

நாம் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு இந்தியர்களை. ஒருவர் கிந்தா உத்தாராவில் ஜெயித்த வீ. தி. சம்பந்தன், தொழில் மந்திரியானார். மற்றவர் நம் குளுவாங்குக்குப் பக்கத்திலுள்ள பத்து பகாட்டில் ஜெயித்த வக்கீல் செல்வசிங்கம் மெக்கின்டயர்; பிற்பாடு ஹைகோர்ட்டு நீதிபதியானவர். அன்றைய வாக்காளர் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர், 11 பேர் சீனர். இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 5 பேர்கூட இல்லை. நம்மவர் ஓட்டை மட்டும் எண்ணியிருந்தால் இருவரில் ஒருவரும் உள்ளே போயிருக்க முடியாது. கூட்டணி நிறுத்திய சீனர், இந்தியர் 17 பேரும் ஜெயித்தார்கள். தோற்ற ஒரே கூட்டணி அபேட்சகர் அம்னோக்காரர்! மலாய் அண்டை வீட்டார் ஆளின் இனத்தைப் பாராமல் கூட்டணிக்கே ஓட்டளித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம்மவர் தொகை ஏன் அவ்வளவு குறைவு? பிரஜாவுரிமை உள்ளவருக்குத்தான் ஓட்டு. கடை இங்கே, குடும்பம் ஊரிலே என்றிருந்தவர்களில் அநேகர் அந்தப் பத்திரத்தை எடுக்கவில்லை. எடுக்க விரும்பியவர்களுக்கும் விதிகள் கடினமாயிருந்தன. 1957-ல் விதிகள் தளர்ந்தபின், 1959 தேர்தலில் வாக்காளர் 21 லட்சத்தைத் தாண்டினர். அந்தப் பார்லிமெண்டின் மக்கள் சபையில் 104 ஸ்தானங்கள். அதில் நியமன ஸ்தானம் ஒன்றுமில்லை. கூட்டணிக்கு 74, அதில் இந்தியர் காங்கிரசுக்கு 3. டத்தோ ஓனும் அதில் இடம்பெற்றார், ஜொகூரிலிருந்து அல்ல, திரெங்கானுவிலிருந்து.