துள்ளினால் மீண்டும் மேலே எழுங்கள்

கொச்சியில் மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு எதிரே வில்லிங்டன் தீவு. 1953 முதல் அங்கே இயங்கும் ஐஎன்எஸ் கருடா கடற்படை விமானத் தளத்தில் டோர்னியர் விமானங்கள் இறங்குவதைப் பார்த்து வளரும் எங்கள் பகுதிப் பிள்ளைகள், பைலட் ஆசையோடு விமானப் பயிற்றுநரான என்னிடம் வருகிறார்கள். 2020 அக்டோபரில் தோப்பும்படி பாலத்தருகே கடற்படையின் பயிற்சி கிளைடர் விழுந்து இருவர் இறந்ததும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே எதையும் மறைக்காமல் பேசுகிறேன்.

பயிற்றுநராக நான் கண்ட ஒரு சோலோ விபத்து, அதாவது மாணவர் தனியாகப் பறந்தபோது நேர்ந்தது, இது. மாணவரின் செஸ்னா 172 சற்று வேகமாக வந்தது. முன்சக்கரம் முதலில் தரையைத் தொட, விமானம் துள்ளியது. அவர் மூக்கை அழுத்தினார். அடுத்த துள்ளல் இன்னும் உயரம். மூன்றாவதில் முன்சக்கரக் கால் மடிந்து, புரொப்பல்லர் நுனிகள் ஓடுபாதையில் உரசிச் சுருண்டன. மாணவருக்குக் காயமில்லை. முதல் துள்ளல் யாருக்கும் நேரும். அதை அங்கேயே சரிக்கட்டப் பார்ப்பதுதான் ஆபத்து.

சோலோ போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியவை:

1. பயிற்றுநர் இறங்கிவிட்டால் எடை 70, 80 கிலோ குறையும். விமானம் சட்டென்று ஏறும், தரையில் உட்கார நேரமெடுக்கும். முழு ஃபிளாப்பில் இறங்கும் வேகத்தை 60 முதல் 70 நாட்டுக்குள் வையுங்கள்.

2. பெரிதாகத் துள்ளினால் யோசிக்காமல் கோ அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் எழும்பிச் சுற்றி வருவது. முழு த்ராட்டில் கொடுத்ததும் மூக்கு தானாகத் தூக்கும். அதை அடக்கிப் பிடித்து, வலது ரட்டரை மிதியுங்கள். ஃபிளாப்பைப் படிப்படியாக ஏற்றுங்கள்.

3. காற்றைக் கணக்கிடுங்கள். உதாரணமாக, திருவனந்தபுரம் ஓடுபாதை 14/32. பிற்பகலில் மேற்கிலிருந்து 15 நாட் கடல்காற்று வீசினால், குறுக்குக் காற்று மட்டும் 11 நாட்டுக்கு மேல். உங்கள் சோலோ வரம்பை மீறினால், "இன்று பறக்கவில்லை" என்று சொல்லுங்கள்.

4. விபத்தாகி விமானம் நின்றதும் மிக்சர், எரிபொருள், மேக்னெட்டோ, மாஸ்டர் எல்லாவற்றையும் அணைத்து, இறங்கி விலகிப் போங்கள். விமானத்தை நகர்த்தாதீர்கள். நடந்ததை அன்றே எழுதி வையுங்கள். விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதல்ல.

சோலோவுக்கு அனுப்புமுன், என் மாணவர்களோடு பறந்து, விமானத்தை வேண்டுமென்றே துள்ள வைத்து, கோ அரவுண்டைக் கை பழகும்வரை செய்ய வைக்கிறேன். அதற்குச் செலவாவது சில நிமிட எரிபொருள்தான். மீண்டும் எழும்பிச் சுற்றி வந்தவரை எந்த நல்ல பயிற்றுநரும் குறைத்து மதிப்பிட மாட்டார்.